அஞ்சு மணி ரவுண்டு

சந்திரமௌலி சாரின் போன் வந்தபோது சுடலைக்கண்ணன் ஒரு டெம்போவுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். அன்றைக்குப் புதன்கிழமை. காலையிலிருந்தே தாராவியில் மழை விட்டு விட்டுப் பெய்தது. சயானிலிருந்து மாஹிம் போகிற சாலையை ஒட்டி, பாதி தகரமும் பாதி நீலத் தார்ப்பாயுமாகக் கூரை போட்ட கடை அவனுடையது. தார்ப்பாயில் தேங்குகிற தண்ணீரைக் கால் மணிக்கு ஒரு தரம் துடைப்பக் கட்டையால் முட்டித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமும் தலையில் இறங்கும். மழைக்காலத்தில் அவனுக்குப் பாதி வேலை வண்டியில், பாதி வேலை கூரையில்.

சார் பதறுகிற ஆள் இல்லை. கப்பல் கம்பெனி ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து ரிட்டயர் ஆன பாலக்காட்டுக்காரர். வண்டி டயமண்ட் கார்டன் சிக்னலில் நின்றுவிட்டது, சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது என்று நிதானமாகச் சொன்னார். போனை பானட் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தடவை திருப்பச் சொன்னான் சுடலை. காதைக் கொடுத்துக் கேட்டான். எஞ்சின் சுற்றியது. ஆனால் அதில் திணறல் இல்லை, தடங்கல் இல்லை, உள்ளே காற்றை அமுக்குகிற பாரமே இல்லாமல் சும்மா சுழன்றது.

"இனிமே சாவியத் தொடாதிய சார். நா வாரேன்" என்றான்.

இது வரும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும்.

அந்தக் கார் உண்மையில் சாரின் மனைவி அம்மிணி மாமியுடையது. செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்த டீச்சர். பதினெட்டு வருஷத்துக்கு முன் தன் பெயரில் வாங்கி, தானே ஓட்டி, சாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பம்பாய் முழுக்கச் சுற்றியவர். அந்த நாளிலிருந்து வண்டிக்கு மெக்கானிக் சுடலைதான். நாலு வருஷத்துக்கு முன்னால் மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், அப்புறம் வழியை மறந்தார், கடைசியில் மகன் பெயரை மறந்தார். சார் எழுபது தாண்டிய வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டார். எதற்கு என்றால், மாமிக்கு மிச்சமிருந்தது சாயங்காலம் ஐந்து மணி ஒன்றுதான்.

ஐந்து மணிக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிடுவார். சேடா நகர் வீட்டில் கிளம்பி, ஸ்டேஷன் பக்கம் போய், டயமண்ட் கார்டனைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரம் அவர் ஒரு மனுஷி. கடைப் பெயர்களை உரக்க வாசிப்பார், புதிதாக ஏதாவது கட்டிடம் கிளம்பியிருந்தால் கண்டுபிடித்துச் சொல்வார். திரும்பி வந்ததும் நாலு வாய் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். என்றைக்காவது ரவுண்டு தவறினால் சோறும் கிடையாது, தூக்கமும் கிடையாது. கையில் கிடைத்ததை எடுத்து எறிவார், யார் என்ன என்று பார்க்காமல் அடிப்பார்.

எஞ்சினில் 'கடகட'வென்று ஒரு சத்தம் கிளம்பி இரண்டு வருஷம் ஆயிற்று. டைமிங் செயின் தேய்ந்து தொய்ந்துவிட்டது, அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனருக்குத் தெம்பு போய்விட்டது, நாலு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்று சுடலை சொன்னான். நாலு நாளா, அந்த நாலு நாளும் அஞ்சு மணிக்கு நான் என்ன பண்ணுவேன் என்று கேட்டார் சார். போதாததற்கு மாமிக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய்விட்டது. அது கேட்டால்தான் வண்டிக்குள் காலை வைப்பார், அதற்குத் தகுந்தபடி முழங்காலில் விரலால் தாளம் போடுவார். சுடலை இரண்டு தடவை சொன்னான், மூன்று தடவை சொன்னான், அப்புறம் விட்டுவிட்டான். தெரிந்த வியாதியை அழுத்திச் சொல்லாமல் விட்டதற்கு இரக்கம் என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டான்.

பக்கத்துக் கடைக்காரரின் ஜீப்பையும் இழுவைக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு போனான். சிக்னலில் பின்னால் நின்றவர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமி பின் சீட்டில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் ஏற்றி அனுப்பலாம் என்று கதவைத் திறந்தால், ரவுண்டு பாதியில் இருக்கிறது என்று இறங்கவில்லை. சார் கெஞ்சிப் பார்த்தார். டிராபிக் போலீஸ்காரர் வந்து மராத்தியில் அதட்டிப் பார்த்தார். வகுப்பில் பேசுகிற பையனைப் பார்க்கிற பார்வை ஒன்றைப் பார்த்தார் மாமி. போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கமாகப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் மாமியோடு சேர்த்தே வண்டியைக் கட்டி இழுத்தார்கள். வழி நெடுகக் கடைப் பெயர்களை வாசித்துக்கொண்டே அவர் தாராவி வந்து சேர்ந்தார்.

சுடலையின் வீடு கடைக்குப் பின்னால் உள்ள சந்தில், ஒற்றை அறை. அவன் மனைவி விஜயராணி எட்டிப் பார்த்தாள். வீட்டில் மத்தியானம் வைத்த கருவாட்டுக் குழம்பு வாசம் சந்து முழுக்க நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் புதுப் பானையில் சோறு வடித்து, மோர் விட்டுக் குழையப் பிசைந்து, எலுமிச்சங்காய் ஊறுகாயோடு கொண்டுவந்தாள். ஐயர் வீட்டம்மா நம் கையால் வாங்குவாரோ மாட்டாரோ என்று தயங்கித்தான் கரண்டியை நீட்டினாள். மாமி வண்டிக்குள் இருந்தபடியே வாயைத் திறந்து வாங்கி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். சாப்பிட்ட அசதியில் கண் அயர்ந்தவரை விஜயராணிதான் அணைத்துத் தூக்கி டாக்ஸிக்கு மாற்றினாள்.

மறுநாள் எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டைக் கழற்றினான். செயினைப் பிடித்து நடத்துகிற கைடு இரண்டு துண்டாகி ஆயில் தொட்டியில் கிடந்தது. எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வருகிறபோது வால்வு ஒதுங்க வேண்டும், வால்வு கீழே வருகிறபோது பிஸ்டன் இறங்கியிருக்க வேண்டும். ஒன்றையொன்று தொடாமல் காலம் பார்த்து இரண்டையும் ஆட்டி வைப்பது அந்தச் செயின்தான். அது இரண்டு பல் தாண்டிவிட்டதும் இரண்டும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டுவிட்டன. பதினாறு வால்வில் ஏழு வளைந்திருந்தது. பிஸ்டன் தலையில் பிறை பிறையாகத் தழும்பு. சுடலை ஒவ்வொரு தழும்பையும் விரலால் தடவிப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை குர்லாவுக்குப் போனான். அங்கே பழைய வண்டிகளை உடைத்து விற்கிற முகைதீன், மேலப்பாளையத்துக்காரர், இருபது வருஷப் பழக்கம். அதே மாதிரி வண்டி ஒன்று பின்பக்கம் அடிபட்டு வந்திருக்கிறது, ஹெட்டு அதிகம் ஓடாதது, வால்வோடு அப்படியே கழற்றித் தருகிறேன், செயினும் சேர்த்து எடுத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை வண்டி ரோட்டில் நிற்கும் என்றார். சுடலை அதைப் புரட்டிப் பார்த்தான். நல்லதுதான். இரண்டு வால்வில் மட்டும் லேசாகக் கறுப்புப் படிந்திருந்தது. சுடலையின் மனசு அந்தக் கறுப்பிலேயே நின்றுவிட்டது. எல்லாம் புதுசாகப் போட்டு நானே உட்கார வைத்துக்கொள்கிறேன் என்றான்.

"வே, வண்டி காத்துக் கெடக்கும். ஆளு காத்துக் கெடக்குமா?" என்றார் முகைதீன். மாமி கதையைச் சுடலை அவரிடம் சொல்லியிருந்தான்.

"இன்னொரு தரம் அவ்வொ ரோட்டுல நிக்கப்பிடாது முகைதீன். இத்தன நாளு அழுத்திச் சொல்லாம விட்டது நாந்தான்."

அந்தத் தீர்மானத்தில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. செய்த தப்பைக் கையால் கழுவிவிடலாம் என்று நினைக்கிற நிம்மதி. வேலையில் சுத்தக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள கோளாறு அது.

புது வால்வு திங்கட்கிழமை வந்தது. செயினும் கைடும் டென்ஷனரும் செவ்வாய்க்கிழமை வர வேண்டியவை, தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுவிட்டதால் புதன்கிழமைதான் கைக்கு வந்தன. அவன் சும்மா இருக்கவில்லை. வால்வின் விளிம்பில் உரசித் தேய்க்கிற பேஸ்ட் தடவி, ரப்பர் பிடித்த குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மோர் கடைகிறது மாதிரி உருட்டி உருட்டி ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் உட்கார வைத்தான். மேலே மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் பார்ப்பான். ஒரு சொட்டுக் கசிந்தாலும் மறுபடி பேஸ்ட், மறுபடி குச்சி. பதினாறையும் அப்படிச் செய்தான். உள்ளங்கைத் தோல் உரிந்து மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டான்.

சார் தினமும் நாலரை மணிக்குப் போன் செய்து, ஆச்சா என்று கேட்பார். இல்லை சார் என்பான் இவன். சரி என்று வைத்துவிடுவார். குரலுக்குப் பின்னால் எதுவோ விழுகிற சத்தம் கேட்கும். இடையில் வந்த சனிக்கிழமை மனசு கேட்காமல் வேறொரு வாடிக்கையாளரின் காரை எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்குச் செம்பூர் போய் நின்றான். மாமி கைப்பையோடு இறங்கி வந்து, அந்தக் காரைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் நடந்து தன் வண்டியைத் தேடினார். கையைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்த சாரின் கன்னத்தில் நகக் கீறல் இருந்தது.

புதன்கிழமை நாலரைக்குப் போன் வரவில்லை. சுடலை செயினை மாட்டிக்கொண்டிருந்தான். வராததே நல்லது, கொஞ்சம் அடங்கியிருப்பார் போல என்று நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை காலையில் சாரின் மகன் கௌசிக் கூப்பிட்டான். வாஷியில் வேலை, அங்கேயே குடும்பம். முதல் நாள் நாலு மணியிலிருந்தே மாமி அடங்கவில்லையாம், ஐந்து மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கியிருக்கிறார், சார் குறுக்கே நின்று தடுத்திருக்கிறார், மாமி பிடித்துத் தள்ளிவிட்டார். நாலு படி உருண்டதில் சாருக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றியபோது பழசும் புதுசுமாக உடம்பெல்லாம் கன்றியிருந்ததைக் கௌசிக் பார்த்தான். பன்வேலுக்கு அந்தப் பக்கம், மறதி வந்தவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்தில் அம்மாவுக்கு இடம் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விட வேண்டும். சார் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார். வண்டி வரட்டும், வந்தால் அவள் பழையபடி ஆகிவிடுவாள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. சனிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன் என்று கௌசிக் ஒத்துக்கொண்டான்.

போனை வைத்துவிட்டுச் சுடலை ஸ்டூலில் உட்கார்ந்தான். முகைதீனின் ஹெட்டை வாங்கியிருந்தால் ஞாயிறு வண்டி ஓடியிருக்கும். சார் விழுந்தது புதன். நடுவில் மூன்று நாள். அந்த மூன்று நாளில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை உரிந்த உள்ளங்கை சொல்லியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. சாவியைத் திருப்பினான். விஜயராணி டீயோடு வந்து, எப்பம் ஸ்டார்ட் பண்ணப் போறிய என்று கேட்டாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பானட்டில் கையை வைத்தால்தான் ஓடுவது தெரியும், அவ்வளவு சுத்தம். இத்தனை துக்கத்திலும் அவனுக்கு ஒரு பெருமை வரத்தான் செய்தது. கழற்றிய பழைய சாமான்களை எல்லாம் ஒரு சாக்குப் பையில் போட்டு டிக்கியில் வைத்தான். மாற்றினேன் என்று வாயால் சொன்னால் போதாது, பழசைக் கண்ணில் காட்டிக் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவன் கடை வழக்கம்.

ஐந்து மணிக்குச் செம்பூரில் கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தான். மாமி இறங்கி வந்தார். வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கிட்டத்தட்ட ஓடி வந்து கதவில் கையை வைத்தார். பின்னாலேயே மாவுக்கட்டோடு வந்த சார் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். மாமி ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப்போனவர், அப்படியே நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். காலை எடுத்துவிட்டார்.

"இது நம்ம வண்டி இல்லை" என்றார், வகுப்பில் சொல்கிற தெளிவோடு.

மூன்று தடவை அழைத்து வந்தார்கள். மூன்று தடவையும் கதவு வரைக்கும் வந்து, கேட்டுவிட்டுத் திரும்பினார். மூன்றாம் தடவை அழுதார். கௌசிக் அம்மாவை மாடிக்குக் கூட்டிப் போனான். தூறலில் சாரும் சுடலையும் மட்டும் நின்றார்கள்.

"சுடலை, அந்தச் சத்தம் எங்கே?"

"அந்தச் சத்தந்தான சார் வியாதி. அத எடுத்துட்டேம்லா."

"திருப்பி வைக்க முடியுமோ?"

முப்பது வருஷத் தொழிலில் சத்தத்தை எடுக்கச் சொல்லித்தான் ஆள் வந்திருக்கிறார்கள். சுடலைக்குச் சட்டென்று கோபம் வந்தது. பழைய டென்ஷனரை மாட்டினால் புதுச் செயினும் தொய்யும், மறுபடி பல் தாண்டும், போட்டதெல்லாம் மறுபடி வளையும் என்று படபடவென்று சொன்னான். சார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எத்தனை நாள் தாங்கும்?"

"எப்பிடி சார் சொல்ல முடியும்? மெதுவா ஓட்டுனா ரெண்டு மாசம் கெடக்கும். வெரட்டுனா நாளைக்கே போயிரும்."

"விரட்டிண்டு நாங்க எங்கே போப்போறோம்" என்றார் சார். கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்குச் சனிக்கிழமையாக்கும், கேட்டேளா. நாளைக்கு அவ ஏறலைன்னா என் பையன்கிட்டே சொல்றதுக்கு என் கையிலே ஒண்ணும் இல்லை" என்றார்.

சனிக்கிழமை காலையில் சாக்குப் பையைத் திறந்து பழைய டென்ஷனரை எடுத்தான். எஞ்சினுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடியைக் கழற்றினால் மாட்டிவிடலாம், அரை மணி வேலை. அவனுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டைத் தானே இடிப்பது போலிருந்தது. ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று அது திரும்பி வந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, என்ன அண்ணாச்சி, நேத்து சரியாத்தானே இருந்தது என்றார். சுடலை பானட்டை மூடினான்.

அன்று ஐந்து மணிக்கு யாரும் போய்க் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தெருவில் வண்டி திரும்பின சத்தத்துக்கே மாமி இறங்கி வந்து, கதவைத் திறந்து, உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் சார், முன்னால் கௌசிக். மழை நின்று வெயில் லேசாக அடித்தது. மாமி கடைப் பெயர்களை வாசித்தார். ஒரு ஸ்வீட் கடைப் பலகையில் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்துச் சிரித்தார். கண்ணாடியில் சுடலை பார்த்தான். முழங்காலில் விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, இன்னொரு கை சாரின் மாவுக்கட்டின் மேல் கிடந்தது. தப்பித்தோம் என்று நினைத்தான். திரும்பி வந்ததும் மாமி இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் படுத்ததாகச் சார் மாடியிலிருந்தே கையைக் காட்டினார்.

கௌசிக் கீழே வந்து வண்டியில் சாய்ந்து நின்றான்.

"தேங்க்ஸ் அங்கிள். பத்து நாளா இன்னிக்குத்தான் அம்மா சிரிச்சா."

"அப்பம் இங்கயே இருக்கட்டும்லா தம்பி. சாருக்குக் கை சரியாவுற வரைக்கும் டெய்லி அஞ்சு மணிக்கு நா வந்து ஓட்டுதேன்."

"டெய்லியா? தாராவிலேர்ந்து, இந்த மழைல, இந்த டிராபிக்ல?" அவன் குரலை உயர்த்தவில்லை. "ஒரு நாள் நீங்க லேட்டானா, அன்னிக்கு அப்பாவுக்கு இன்னொரு கை போகும். நான் வாஷிலேர்ந்து ஓடி வர்றதுக்குள்ளே எல்லாம் முடிஞ்சிருக்கும். ஒரு வண்டிச் சத்தத்தை நம்பி ரெண்டு பேரையும் எப்படி அங்கிள் விட்டுட்டுப் போறது? இன்னிக்குச் சிரிச்சா, நிஜம்தான். ஆனா அப்பாவோட முதுகையும் நான் பார்த்தேன், அங்கிள்."

பையன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நாளைக்கு நீங்கதான் வரணும்" என்றான் கௌசிக். "இந்த வண்டிலதான் அவ ஏறுவா. ஆம்புலன்ஸ்னா இஞ்செக்‌ஷன் போட்டுப் படுக்க வச்சுத்தான் கொண்டுபோகணும்கறா. அதை அப்பா பார்க்கப்படாது." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, நான் போகமாட்டேன் என்றான் சுடலை. அந்தம்மா வீட்டில் இருக்கட்டும் என்றுதான் இத்தனையும் செய்தது, கடைசியில் அதையே கொண்டு ஏற்றிப் போகச் சொல்கிறார்கள் என்று புலம்பினான். விஜயராணி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க போவலன்னா மட்டும் நிக்கவா போவுது? ஊசியப் போட்டுத் தூக்கிட்டுப் போவாவ. நீங்க போனா உக்காந்து பாத்துக்கிட்டுப் போவாவ. அம்புட்டுத்தான்."

"ஏட்டி, முகைதீன் சொன்னத அன்னைக்கே கேட்டிருந்தா, சார் விழுததுக்கு மூணு நாளு முந்தியே குடுத்திருப்பேன். கை ஒடிஞ்சிருக்காது. வண்டில எந்தக் கொறையும் இருக்கப்பிடாதுன்னு பாத்தேன் பாரு." அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம்தான் சொன்னான். "நாளைக்கு சார்ட்ட சொல்லிரணும்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சொல்லாதிய. சொன்னா ஒங்க மனசு லேசாவும். அவருக்குச் சுமக்கதுக்கு இன்னொண்ணு கூடும். அத நீங்களே வச்சுக்கிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை மாமிக்குப் பிடித்த பச்சைப் புடவையைச் சார்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு பெட்டிகளை முன்னாலேயே டிக்கியில் ஏற்றியாகிவிட்டது. ஐந்து மணிக்கு மாமி வந்து ஏறினார், பக்கத்தில் சார், முன்னால் கௌசிக். சுடலை வழக்கமான பக்கம் திரும்பாமல் நேரே போனான். மாமி அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. பலகைகள் வந்துகொண்டிருந்த வரைக்கும் வாசித்தார். வாஷிப் பாலத்தில் பலகை ஒன்றும் இல்லை, இரண்டு பக்கமும் மழைத் தண்ணீர் கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. "எவ்வளவு தண்ணி" என்றார். சார் ஆமாம் என்றார். அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை, மாமியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

சுடலை நாற்பதுக்கு மேல் போகவில்லை. டென்ஷனர் தாங்க வேண்டும் என்று ஒரு காரணம் இருந்தது. பின்னால் வந்தவன் எல்லாம் திட்டிவிட்டுத் தாண்டிப் போனான். வழியில் வண்டி நின்றுபோனால் என்ன என்றும் ஒரு தடவை நினைத்தான், நினைத்துவிட்டுத் தன்னைத்தானே வைதுகொண்டான்.

இல்லம் மோசமாக இருந்தால் கோபப்படவாவது செய்யலாம் என்று எதிர்பார்த்திருந்தான். அப்படி இல்லை. இரண்டு மாடிக் கட்டிடம், வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தது. போர்டிகோவில் நீல உடுப்புப் போட்ட இரண்டு பெண்கள் குடையோடு சிரித்த முகமாக நின்றார்கள். வண்டியைக் கொண்டுபோய் அவர்கள் பக்கத்தில் நிறுத்தினான். எஞ்சின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாமி தாளம் போட்டபடி உட்கார்ந்திருந்தார். ஓடுகிற வண்டியிலிருந்து அவர் இறங்க மாட்டார். அணைத்தால்தான் ரவுண்டு முடிந்தது என்று கணக்கு.

"ஆஃப் பண்ணுங்கோ அங்கிள்" என்றான் கௌசிக்.

சுடலை சாவியில் கையை வைத்தான். வைத்தவன் திருப்பவில்லை. கௌசிக் இன்னொரு தடவை சொல்லவில்லை. நீல உடுப்புப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைப்பர் நாலைந்து தடவை போய் வந்தது.

"போறும் சுடலை" என்றார் சார் பின்னாலிருந்து. "நிறுத்துங்கோ."

திருப்பினான். கூரையில் மழை விழுவது மட்டும் கேட்டது. மாமியின் விரல் நின்றது. கைப்பையை எடுத்துக்கொண்டு சாரைப் பார்த்தார்.

"ஆத்துக்கு வந்தாச்சா?"

சார் மாவுக்கட்டுக் கையை மடியில் இறக்கி வைத்தார். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சொல்ல வேண்டிய பொய் அது.

"வந்தாச்சு அம்மிணி" என்றார்.

மாமி தானே கதவைத் திறந்து இறங்கினார். புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். நீல உடுப்புப் பெண் குடையை நீட்டியதும் அதன் அடியில் போய் நின்றார். இரண்டடி வைத்தவர், எதையோ மறந்துவிட்டவர் போலத் திரும்பி வந்து, ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடியை விரலால் தட்டினார். சுடலை இறக்கினான். அவர் அவனை நேராகப் பார்த்தார். பதினெட்டு வருஷமாகத் தெரிந்தவன் என்று அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை.

"நாளைக்கு லேட் பண்ணாதே" என்றார்.

"சரிம்மா" என்றான் சுடலை. மாமி தலையாட்டிவிட்டு, அந்தப் பெண்களுக்கு நடுவில் உள்ளே நடந்தார்.